வயலின் கும்பிடுபூச்சிக்கு 30×30×45 கண்ணாடித் தொட்டி: மூடியை மட்டும் மாற்றுங்கள்

பல்லி, தவளைக்கென்று விற்கும் முன்கதவுத் தொட்டி இது. கும்பிடுபூச்சிகளைச் சேர்த்து வளர்க்கவும் நன்றாகவே தோதாகிறது. ஆனால் எல்லா இனத்தையும் சேர்த்து வைக்க முடியாது. பெரும்பாலானவை ஒன்றையொன்று தின்றுவிடும். கூடி வாழும் சிலவற்றில் தென்னிந்திய, இலங்கை வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்த வயலின் கும்பிடுபூச்சிக்குத்தான் முதலிடம். இந்த மதிப்பீடும் அதற்கானதே.

45 செ.மீ. உயரம் இந்தத் தொட்டியின் பெரிய பலம். கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். உடல் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரமாவது வேண்டும். வளர்ந்த பெண் பூச்சி சுமார் 10 செ.மீ. இருக்கும். கதவு முன்னால் இருப்பதால், மேலே தொங்கும் பூச்சியை அசைக்காமல் தொட்டிக்குள் செய்யவேண்டிய வேலையை முடிக்கலாம். நடுத்தரக் குஞ்சுகள் எட்டு, வளர்ந்தபின் நான்கு, அதற்குமேல் நெருக்கடிதான்.

வில்லங்கம் மூடியில் இருக்கிறது. கம்பிவலையில் கால் நகம் சிக்கிப் பாதம் ஒடிகிறது. தோல் உரிக்கும்போது பிடி நழுவி விழுந்தால், உடல் கோணலாகவே இறுகிப்போகும், பெரும்பாலும் பிழைக்காது. வலையின் உட்புறம் நைலான் கொசுவலையைத் தொய்வில்லாமல் ஹாட் குளூவால் ஒட்டிவிடுங்கள். சூட்டுக்கு வைக்கும் பல்பு மூடியைத் தொட்டால் நைலான் உருகும். ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். பகலில் பல்புக்கு அடியில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். இரண்டு நாளுக்கொருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கண்ணாடி நாள்முழுக்க ஈரமாகவே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

அடுத்தது தீனி. கூட்டம் நிலைப்பதும் குலைவதும் இதில்தான். இந்த இனம் பறப்பதையே விரும்பிப் பிடிக்கும். சுவர்க்கோழியைப் போட்டால் சீண்டாது. அந்தச் சுவர்க்கோழியோ, தோல் உரித்து மெத்தென்று தொங்கும் பூச்சியைக் கடித்துவிடும். எட்டுக் குஞ்சுகளுக்கு, வீட்டு ஈயின் கூட்டுப்புழு இருபதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் விரல் நுழையும் அளவு ஓட்டையிட்டுத் தரையில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் ஈக்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும். அங்கே காய்ந்த சருகுபோலத் தொங்கும் பூச்சி மெல்லத் தலையைத் திருப்பும், உடலை இருமுறை ஆட்டும். அடுத்த நொடி ஈ அதன் முன்கால் முள்ளில் இருக்கும். தேன் தொட்ட பஞ்சு ஒன்றையும் வைத்தால், பிடிபடாத ஈக்கள் பட்டினி கிடக்காது. மிச்சக் கூட்டுப்புழுக்களை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

வயிறு ஒட்டிய பூச்சிக்குப் பக்கத்துப் பூச்சியும் இரைதான். ஒரே பருவத்துக் குஞ்சுகளை மட்டும் சேருங்கள். இறக்கை மொட்டு உப்பி, இரை எடுக்காமல் தொங்கினால் அது கடைசித் தோல் உரிப்பு, தொட்டியை நகர்த்தாதீர்கள்.

கதவு இடுக்கிலும் வயர் துளையிலும் பஞ்சு அடைக்க வேண்டும். அப்படியும், சின்னக் குஞ்சுகளுக்குத் தீனியாகும் பழ ஈ தப்பிவிடும் என்பதால், முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுகளுக்கு இந்தத் தொட்டி ஆகாது. அவை வீட்டு ஈயைப் பிடிக்கும் அளவு வளரும்வரை துணி மூடிய 1 லிட்டர் டப்பா போதும்.