இன்ஜினை ரேடாரிடமிருந்து மறைக்க: வலையா, வளைவா, தடுப்பா?

போர் விமானத்தை நேர் முன்னாலிருந்து பார்க்கும் ரேடாருக்குப் பளிச்சென்று தெரிவது இன்ஜினின் முகப்புதான். காற்று நுழைவாய்க்குள் புகும் அலை, கம்ப்ரசரின் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பகுதி) பிளேடுகளில் பட்டு வந்த வழியே திரும்பிவிடும். போதாக்குறைக்கு, சுழலும் பிளேடுகள் அந்த எதிரொலியில் ஒரு தனித் துடிப்பை ஏற்றிவிடும். அதை வைத்தே எந்த விமானம் என்று கண்டுபிடிக்க முடியும்.

1981-ல் முதலில் பறந்த, ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 விமானத்துக்கு அதைத் தயாரித்த லாக்ஹீட் நிறுவனம் நுழைவாயில் வலைத்தட்டி மாட்டியது. மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் உள்ள ஓட்டைத் தகடு மாதிரிதான் இதுவும். காற்று போகும், சுமார் 3 செ.மீ. நீளமுள்ள எக்ஸ்-பேண்ட் ரேடார் அலைக்கு அது வெறும் சரிந்த தகடு. ஆனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். மெதுவாகப் பறக்கும்போது காற்று போதாமல் மேலே தனிக் கதவு திறக்க வேண்டும். வலையில் ஐஸ் பிடிக்கும் தொல்லை வேறு. ஒலிவேகத்தைத் தாண்டாத விமானம் என்பதால் சமாளித்தார்கள்.

பி-2, எஃப்-22, எஃப்-35 எல்லாம் வளைந்த குழாய்க்குப் போய்விட்டன. என் ஓட்டும் இதற்குத்தான். பிளேடுகள் நேர்ப்பார்வைக்குத் தெரியாது. அலை சுவரில் மோதி மோதித்தான் உள்ளே போக வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் சுவரில் பூசிய, ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு பாதியை உறிஞ்சுகிறது என்று வையுங்கள். போக ஐந்து, வர ஐந்து என்றால் மிஞ்சுவது 1,024-ல் ஒரு பங்கு. வலைக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. சரி, இதுவும் சும்மா வருவதில்லை. வளைவு கூடினால் காற்று சுவரை விட்டுப் பிரியும், கம்ப்ரசருக்குச் சீரற்ற அழுத்தம் போகும். குழாயை நீட்டினால் எரிபொருளுக்கான இடம் போகும்.

சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தில் இன்ஜினுக்கு முன்னால் சுழலாத தகடுகள் கொண்ட தடுப்பு இருக்கிறது. நீண்ட வளைவுக்கு இடமில்லாத உடலுக்கு இது நல்ல சமரசம், அவ்வளவுதான்.

பி-1 குண்டுவீச்சு விமானத்தில் வளைவு, தடுப்பு இரண்டையும் சேர்த்தார்கள். உருமாறும் நுழைவாயோடு ஒலியைப் போல 2 மடங்குக்கு மேல் பறந்த பி-1ஏ, நிலையான நுழைவாயும் வளைந்த குழாயில் தடுப்புத் தகடுகளுமாக பி-1பி ஆனபோது அதன் உச்ச வேகம் மாக் 1.25-க்கு (ஒலிவேகத்தைப் போல 1.25 மடங்கு) இறங்கிவிட்டது.