மெசி 135க்கு மாற்றுச் சைலன்சர்: பல போகம் ஓடிய பிறகு

வன்னியில் இன்னும் வயலுக்குள் இறங்குகிற மெசி பெர்குசன் 135 உழவு மிசின்கள் எல்லாம் ஐம்பது வயதுப் பக்கம் வந்தவை. இங்கிலாந்தில் 1964 தொடக்கம் 1975 வரை செய்த மொடல். உள்ளே இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டரை லீற்றர். அந்த எஞ்சின் இலேசில் சாகாது. ரிங், லைனர், வால்வு என்று மாற்றிக்கொண்டே போகலாம். பிறகு வந்த 240 இலும் அதே குடும்ப எஞ்சின்தான், ஆகவே சாமானுக்கும் பஞ்சமில்லை. சைலன்சர் விசயத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒருவர் குழாய் போதும் என்பார், இன்னொருவர் ஸ்டெயின்லெஸ் போட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்பார். என் மிசினிலும் மச்சானின் மிசினிலும் வேறு வேறு சாமான் பூட்டி, காலபோகமும் சிறுபோகமுமாகப் பல போகம் ஓடியாகிவிட்டது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சைலன்சருக்கு வெளியிலிருந்துதான் கறள் பிடிக்கிறது என்று பலர் நினைத்துப் பெயின்ற் அடிக்கிறார்கள். அது உள்ளிருந்து உக்குகிற சாமான். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. கலப்பை ஆழமாக இழுத்து எஞ்சின் நல்ல சூட்டில் நிற்கும்போது அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். சந்திக்குப் போய் நாலு உரமூடை ஏற்றிவரப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினீர்கள் என்றால், ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. ஒட்டோ டீசலில் உள்ள கந்தகமும் எரிந்து அதில் கரைய, அமிலமாகிவிடும். கரி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும். அதனால் உழவுக்கு நாள் முழுக்க ஓடுகிற மிசினைவிட, வீட்டு வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிற மிசினில்தான் சைலன்சர் கெதியாகப் போகிறது. 2022 இல் டீசலுக்கு வரிசை, பிறகு கியூஆர் பாஸ் என்று இருந்த காலத்தில் மிசின்கள் கிடந்த கிடையில் எத்தனை பேருடைய சைலன்சர் ஓட்டையானது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

நான் வாங்கும்போது என் மிசினில் நின்றது ஒரு ஜீஐ பைப், நாகம் பூசிய இரும்புக் குழாய். சைலன்சரே இல்லை. பொனட்டால் நேரே மேலே எழும்பி, தலையில் ஒரு பால்பேணி கவிழ்த்திருந்தது. மீள்குடியேறிய காலத்தில் கையில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லோரும் ஓடினோம், ஆகவே முன்னைய உடைமையாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போதும் சிலர் விரும்பியே அப்படிப் போடுகிறார்கள். இழுவை கூடுமாம். கரி அடைத்த சைலன்சரைக் கழற்றினால் எந்த எஞ்சினும் இலேசாகத்தான் ஓடும், அது வெறும் குழாயின் கெட்டித்தனமில்லை. டேர்போ இல்லாத இந்தப் பழைய எஞ்சினுக்கு, அடைப்பில்லாத ஒழுங்கான சைலன்சருக்கும் வெறும் குழாய்க்கும் இடையில் உழவில் உணரக்கூடிய வித்தியாசம் ஒன்றுமில்லை. காதுக்குத்தான் வித்தியாசம். யானை அஞ்சும் என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். எங்கள் பக்கத்து யானைகளுக்கு அந்தச் சத்தம் எப்போதோ பழகிவிட்டது.

வெறும் குழாயில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது நெருப்பு. சைலன்சருக்குள் இருக்கிற தடுப்புத் தகடுகள் சத்தத்தை மட்டும் அடக்குவதில்லை, கனல்கிற கரித்துணிக்கைகளில் ஒரு பகுதியையும் மறித்து அணைக்கின்றன. சிறுபோக வெட்டு முடிந்து காய்ந்து சருகாய்க் கிடக்கிற வயலில் பெட்டி நிறைய வைக்கோலை ஏற்றிக்கொண்டு வரும்போது, முன்னால் நிற்கிற குழாயிலிருந்து பொறி பறப்பதை மாலை இருட்டில் ஒருமுறை பார்த்தவன் பிறகு அதைப் பூட்டமாட்டான். இன்னொன்று, ஜீஐ பைப்பை வெல்டிங்கில் ஒட்டுகிறபோது நாகப்பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஒட்டுகிற இடத்தில் பூச்சை அராவி எடுக்காமல் வேலை செய்யச் சொல்லி எந்தப் பெடியனையும் நெருக்காதீர்கள்.

மேலால் போகிறதா, அடியால் போகிறதா என்பது அடுத்த கேள்வி. 135 இரண்டு விதமாகவும் வந்தது. தோட்டத்துக்கும் றோட்டுக்கும் மட்டும் ஓடுபவர்களுக்கு அடியால் போகிற குழாய் நல்லது, முகத்தில் புகை அடிக்காது. சேற்று உழவு செய்கிறவர்களுக்கு அது சரிவராது. இரும்புச் சில்லு பூட்டி இறங்கினால் குழாய் சேற்றுக்குள்ளேயே கிடக்கும், வரம்பு ஏறும்போது இடிபடும். கொதிக்கிற இரும்பில் வாய்க்கால் தண்ணீர் அடித்தால் ஒட்டுகள் வெடிக்கும். மேல்குழாய்க்கு எதிரி மரக்கொப்பு. பாலையும் வீரையும் குனிந்து நிற்கிற காட்டுப் பாதையால் வயலுக்குப் போகிறவர்கள் குழாயின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் புகை வாய் ஓட்டுபவரின் தலைக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மேல்குழாயில் நிற்கிறேன்.

நான் போட்டது கடையில் பெட்டியில் வருகிற சாதாரண இரும்புச் சைலன்சர், பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்த பிரதி. விலை மலிவு, தரம் ஒன்றுக்கொன்று வேறு. கடையிலேயே கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். விரலால் சுண்டினால் தகர டப்பா போலச் சலசலப்பது மெல்லிய தகடு. மெல்லக் குலுக்கிக் கேளுங்கள், உள்ளே ஏதாவது கிலுகிலுத்தால் தடுப்புத் தகட்டின் ஒட்டு அப்போதே விட்டிருக்கிறது. எஞ்சினிலிருந்து புகையை வாங்குகிற மெனிபோல்ட்டில் உட்காருகிற அடித்தட்டு, அதாவது பிளாஞ்ச், தடிப்பாக இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால் ஆடக்கூடாது. எனக்கு ஒரு கடையில் முதலில் நீட்டியது பிளாஞ்ச் கோணலானது. பூட்டினால் இழுத்துக்கொள்ளும் என்றார்கள். இழுபடப்போவது மெனிபோல்ட்தான், அது வார்ப்பிரும்பு, வளையாது, வெடிக்கும். வேறு எடுத்தேன்.

பூட்டுவதற்கு முன் செய்த ஒரு சின்ன வேலைதான் இதன் ஆயுளைக் கூட்டியது என்று நினைக்கிறேன். மேல்குழாய்ச் சைலன்சரில் உட்குழாயைச் சுற்றி அடியில் ஒரு வளையப் பள்ளம் இருக்கும், குளிர்ந்த தண்ணீரெல்லாம் அங்கேதான் தேங்கும். அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீற்றர் ட்ரில்லால் ஒரு துளை. காலையில் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்தில் அதால் கறுப்புத் தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கலாம். சத்தம் கூடவில்லை. துளை கரியால் அடைபடும், இடைக்கிடை கம்பியால் குத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

மச்சானின் மிசினுக்கு லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ்ஸில் செய்வித்தார்கள். விலை என்னுடையதைப்போலப் பல மடங்கு. பார்க்க அழகு, இன்றுவரை குழாயில் ஒரு கறள் புள்ளி கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் காலபோகம் முடியமுன்னரே பிளாஞ்சுக்குச் சற்று மேலே, ஒட்டின் ஓரத்தில், முடி போல ஒரு வெடிப்பு. திருப்பி ஒட்டினார்கள், திருப்பி வெடித்தது. ஒட்டுக்கம்பியில்தான் பிழை என்று பட்டறைக்காரர் சாதித்தார். கடைசியில் வேறொரு கராஜ்காரப் பெடியன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இரும்பு சூட்டுக்கு நீளத்தான் செய்யும். போக இடம் விடாட்டி உடைச்சுக்கொண்டுதான் போகும்" என்றான். கணக்கும் அதுதான். ஒரு மீற்றர் குழாய் 400 பாகை சூடேறினால் சாதாரண இரும்பு ஐந்து மில்லிமீற்றரளவு நீளும், ஸ்டெயின்லெஸ் ஏழளவு. கீழே மெனிபோல்ட்டிலும் மேலே தாங்கு பட்டியிலும் இறுக்கிப் பூட்டினால் அந்த நீளம் எங்கே போகும்? குழாயை நடுவில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அசைகிற மாதிரி மூட்டு வைத்துக் கொடுத்தான். வெடிப்பு நின்றது. மூட்டால் கொஞ்சம் புகை கசியும், திறந்த வெளியில் அது பெரிய விசயமில்லை.

என் சைலன்சர் மலிவானதாக இருந்தும் வெடிக்காமல் நிற்பதற்குக் காரணம் தாங்கு பட்டிதான். சைலன்சரின் முழுப் பாரமும் பிளாஞ்சில் தொங்கினால் மூன்று சிலிண்டர் அதிர்வு ஒரு பக்கம், கிரவல் றோட்டுக் குலுக்கல் இன்னொரு பக்கம் என்று அந்த இடத்தையே ஆட்டிக்கொண்டிருக்கும். பாரத்தை எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிற ஒரு பட்டி தாங்க வேண்டும். பொனட்டில் கொடுத்துப் பூட்டினால் எஞ்சின் ஒரு பக்கம் ஆட பொனட் இன்னொரு பக்கம் ஆடும். பட்டியின் போல்ட் துளையை நீள்துளையாக்கிவிட்டால் நீளுவதற்கும் இடம் கிடைக்கும்.

கழற்றுகிற வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். பிளாஞ்சைப் பிடிக்கிற மரை ஆணிகளான பழைய ஸ்டட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் ஸ்டட் மெனிபோல்ட்டுக்குள் முறிந்துவிடும், பிறகு சைலன்சர் செலவைவிட அந்தச் செலவு கூடிவிடும். திருப்பிப் பூட்டும்போது பித்தளை நட்டுப் போடுங்கள், கறளில் இறுகாது. இடையில் வைக்கிற காஸ்கெட் புதிதுதான், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். ஒரு நாள் உழவு முடிந்து நன்றாக ஆறிய பிறகு இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.

இதில் எனக்கு இன்னும் திருப்தியில்லாதது மழைமூடி. பாரம் வைத்த மூடி புகை வந்தால் திறக்கும், எஞ்சின் நின்றால் மூடும். மாரியில் அது இல்லாமல் முடியாது, ஏனென்றால் குழாயால் இறங்குகிற தண்ணீர் திறந்து நிற்கிற வால்வு வழியே சிலிண்டருக்குள் போனால் ரிங் பிடித்துவிடும். ஆனால் கோடையில் கிரவல் தூசியும் கரியும் சேர்ந்து அதன் பின்னை இறுக்கிவிடுகின்றன. எண்ணெய் விட்டால் இன்னும் தூசி பிடிக்கிறது, ஆகவே பின்னைக் கழற்றித் துடைத்து வெறுமையாகவே போடுகிறேன். சைலன்சரோடு வருகிற கிளாம்ப்பும் ஒன்றுக்கும் உதவாது, இரண்டாம்முறை இறுக்கும்போதே மரை போய்விடும். லொறிக்கு வருகிற தடித்த யூ கிளாம்ப் ஒன்றை அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.