பெயருக்கு ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

செட்டிநாட்டுக் குடும்பங்கள் நிரப்பப்போகும் இணையப் படிவம் என்றால், முதல் கேள்வியிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடும். முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் வைப்பதா, முழுப்பெயருக்கு ஒன்றே போதுமா? நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கம், 'ராம. அரு. சித.' என்று துண்டு துண்டாக வரும். இதில் எது கடைசிப் பெயர்? ஆளுக்கொரு விதமாக நிரப்புவார்கள். 'எழுத்து மட்டும்' என்று கறார் காட்டும் படிவமோ புள்ளியைக் கண்டதுமே சிவப்பாகிவிடும். ஒரே கட்டம், புள்ளிக்கும் இடைவெளிக்கும் தடையில்லை: என் ஓட்டு இதற்கே. விமான டிக்கெட் போலப் பிரித்தே கேட்க வேண்டிய இடம் வேறு கதை.

அடுத்து, கோயில். நகரத்தாரின் குலப்பிரிவு இதை வைத்துத்தான். வரன் பதிவுப் படிவத்தில் இதைத் தட்டச்சு செய்யச் சொன்னால் இலுப்பைக்குடியை ஒருவர் 'க்' போட்டு எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். அப்புறம் இருவரும் ஒரே கோயிலா என்று தேடிப் பார்ப்பதே பெரும்பாடு. நகரக் கோயில்கள் 9 தானே, ஒன்றை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் ரேடியோ பட்டனாகக் கண்முன்னே வைத்துவிடலாம். ஊருக்கு இந்த வழி ஒத்துவராது. 70-க்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களை டிராப்டவுன் பட்டியலில் அடைத்தால், வேந்தன்பட்டிக்காரர் கைப்பேசியில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இரண்டெழுத்து அடித்ததும் பெயர்களைக் காட்டும் கட்டம் மேல்.

தொலைபேசிக்கு 10 இலக்கம் என்று பூட்டாதீர்கள். சிங்கப்பூர் எண்ணுக்கு 8 தான். அஞ்சல் குறியீட்டை இந்தியாவின் 6 இலக்கத்துக்குப் பூட்டினால் இன்னொரு வேடிக்கை: சிங்கப்பூருக்கும் 6 இலக்கம் என்பதால் அது நுழைந்துவிடும், 5 இலக்க மலேசியா வாசலிலேயே நிற்கும்.

பக்க முகவரிக்கு வருவோம். தமிழில் வைத்தால் பிரவுசரில் அழகுதான். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் ஒவ்வொரு குறியும் (புள்ளி, கொம்பு போன்றவையும் தனிக்குறிதான்) 9 எழுத்தாக விரிகிறது. 'ஆத்தங்குடி' என்ற ஒரு சொல் 90 எழுத்து, முழுக்கச் சதவீதக் குறிகள். வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று வந்தால் தொடவே பயப்படுவார்கள். வெறும் எண்ணாக வைத்தால் சுருக்கம், ஆனால் உள்ளே டைல்ஸா கண்டாங்கிச் சேலையா என்று தெரியாது. ரோமன் எழுத்தில், சிறிய எழுத்தாக, சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போட்டு எழுதுவதே இப்போதைக்குத் தோது. போனில் சொல்லவும் வரும். என்ன, 'த்த'வை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். ஒன்றை நிலையாக வைத்து, மற்ற எழுத்துக்கூட்டல்களை 301 (முகவரி நிரந்தரமாக மாறியது என்று சொல்லும் குறியீடு) போட்டு அதற்கே திருப்பிவிடுங்கள்.