பழைய பாலத்தைப் பாதி பாதியாக மாற்றுவதா, மூடிவிட்டு ஒரே மூச்சில் மாற்றுவதா?

அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மளமளவென்று எழுந்தவை. அதனால் அவற்றின் பாலங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தினமும் லட்சம் வண்டிகள் ஓடும் சாலையில் அதை எப்படிச் செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பழகிய வழி, பாதி பாதியாகக் கட்டுவது. போக்குவரத்தைப் பாலத்தின் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தை இடித்துக் கட்டுவார்கள். பிறகு வண்டிகளைப் புதிய பாதிக்கு மாற்றிவிட்டு மீதியை இடிப்பார்கள். யாரையும் வேறு சாலைக்கு அனுப்ப வேண்டாம், அபூர்வமான கருவிகளும் வேண்டாம். ஆனால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். லேன்கள் குறுகி, வண்டிகள் தேங்கி, பின்னால் வந்து மோதும் விபத்துகள் கூடும். ஒரு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் விரைய, இந்தப் பக்கம் தொழிலாளர்கள் இரவு இரவாக நிற்க வேண்டும். இந்த ஆபத்தைச் செலவுக் கணக்கில் கடைசி வரியாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பாலத்தின் நீளத்துக்கு ஓர் இணைப்பு வரும். பக்கத்துப் பாதி வண்டிகளால் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அங்கே கான்கிரீட் இறுக வேண்டும். பனிக்காலத்தில் சாலைப் பனி உருக உப்பு தூவும் மாநிலங்களில், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்க இப்படி ஓர் இடம் கிடைத்தால் போதும்.

எதிர்வழிக்கு நல்ல உதாரணம், பாஸ்டனுக்கு வடக்கே மெட்ஃபோர்டில் ஐ-93 (இன்டர்ஸ்டேட் 93). 2010 ஆகஸ்டில் அங்கே ஒரு பாலத்தின் மேல்தளத்தில் ஓட்டை விழுந்தது. அதே தடத்தில் 1950களில் கட்டிய 14 பாலங்கள் அதே நிலையில் இருந்தன. பழைய முறையில் நான்கு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்ட வேலையை 2011 கோடையில் 10 வார இறுதிகளில் முடித்தார்கள். வெள்ளி இரவு சாலையின் ஒரு திசையை மூடி, இரு திசை வண்டிகளையும் மறுபக்கத்தில் எதிரெதிராக ஓட விட்டார்கள். கையில் 55 மணி நேரம். பழைய மேல்கட்டுமானத்தை, அதாவது தூண்கள் தாங்கும் உத்திரங்களையும் தளத்தையும், உடைத்து அள்ளி, மேல்தளத்தோடு முன்பே தயாரித்து வைத்திருந்த இரும்பு உத்திரத் துண்டுகளைக் கிரேனால் வரிசையாக இறக்கி, இடைவெளிகளில் சில மணி நேரத்தில் இறுகும் கான்கிரீட்டை ஊற்றினார்கள். திங்கள் விடியற்காலை 5 மணிக்குச் சாலை திறந்தது.

இந்த வெற்றியைச் சொல்பவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே மாறியது மேல்கட்டுமானம் மட்டும்தான். தூண்களும் கரைத் தாங்குசுவர்களும் பழையவை. அவற்றைப் பழுதுபார்த்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அடித்தளமும் கெட்டுப்போன பாலத்துக்கு இந்த வேகத்தை அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சரி, அடித்தளத்தையும் மாற்ற வேண்டுமென்றால்? அப்போது பக்கவாட்டில் நகர்த்தும் முறை கைகொடுக்கும். நியூயார்க் மாநிலத்தில் டிங்கிள் ரிட்ஜ் சாலைக்கு மேலே ஐ-84 செல்லும் இரண்டு பாலங்களை 2013இல் இப்படித்தான் மாற்றினார்கள். புதிய பாலத்தைப் பழையதன் பக்கத்திலேயே தற்காலிகத் தாங்கிகள் மீது முழுதாகக் கட்டிவிட்டு, ஒரு வார இறுதியில் பழையதை இடித்து, புதியதை அந்த இடத்துக்குத் தள்ளிச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சாலை மூடியிருந்தது ஏறத்தாழ 20 மணி நேரம். நடுவில் தற்காலிகப் பாலம் கட்டும் செலவும் மிச்சம். இதன் தேவை ஒன்றே: பக்கத்தில் இடம். பல சக்கரங்களோடு சொந்த எஞ்சினில் நகரும் மேடை வண்டிகளில் பாலத்தையே தூக்கிவருவதும் உண்டு. யூட்டாவில் ஐ-15 மீது, அமெரிக்கன் ஃபோர்க் என்ற ஊரில், 354 அடி நீளமுள்ள சாம் வைட் பாலத்தை 2011 மார்ச்சில் அப்படி நகர்த்தி வைத்தார்கள். ஆனால் அதற்குச் சமதளமும் உறுதியான நிலமும் வேண்டும். ஆற்றுப் பாலத்துக்கோ பள்ளத்தாக்குக்கோ எளிதில் ஒத்துவராது.

என் தேர்வு இதுதான். அடித்தளம் நன்றாக இருந்து, ஒரே மாதிரிப் பாலங்கள் வரிசையாக இருந்தால் மெட்ஃபோர்டு வழி. அடித்தளமும் போயிருந்தால் பக்கவாட்டு நகர்த்தல். மாற்றுப்பாதையும் இல்லை, பக்கத்தில் இடமும் இல்லை, மூடினால் ஆம்புலன்ஸ் ஊர்ச் சந்துகளில் மாட்டிக்கொள்ளும் என்றால் மட்டும் பாதி பாதி முறை.

அப்புறம் சாலைத்தளம். அதை மாற்றுவதிலும் இதே கேள்விதான். கலிஃபோர்னியாவின் டெவோரில் 2004இல் ஐ-15இன் 4.5 கிலோமீட்டர் கான்கிரீட்டைப் புதுப்பித்தபோது, இரவு நேர மூடல் என்றால் 10 மாதம் ஆகும் என்றது கணக்கு. ஒரு பக்கச் சாலையை முழுதாக மூடி, 9 நாள் வீதம் இரண்டு முறை இரவு பகலாக வேலை செய்து முடித்தார்கள். வார இறுதி மூடல் அங்கே பொருந்தவில்லை, ஏனென்றால் அது லாஸ் வேகாஸ் போகும் வழி. விடுமுறைக் கூட்டமே அங்கே அதிகம்.

லாங் பீச்சில் துறைமுக லாரிகள் ஓடும் ஐ-710க்கு 2003இல் தார் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்காமல், துண்டு துண்டாக விரிசல் விடவைத்து, ஆடாதபடி அழுத்தி நிலைநிறுத்தி, அதன் மேல் 23 சென்டிமீட்டர் அளவில் தார்க் கலவை. 55 மணி நேர மூடல்கள் எட்டு. எடுத்துக் கொட்டும் குப்பை குறைவு, வேகம் அதிகம். ஆனால் மேம்பாலங்களுக்குக் கீழே அந்த 23 சென்டிமீட்டருக்கு இடமில்லை. ஏற்றினால் லாரி இடிக்கும். அங்கே மட்டும் பழைய தளத்தைத் தோண்டி எடுத்து, முழு ஆழத்துக்கும் தார் போட்டார்கள்.

பாலத்துக்கு ஓர் ஒப்பந்தம், தளத்துக்கு வேறொன்று என்று பிரிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். மேம்பாலத்தை எப்படியும் மாற்றப்போகிறோம் என்றால், புதியதைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உயர்த்தினால் கீழே தோண்டாமலே மேல்பூச்சு போட இடம் கிடைக்கும்; மேலே அணுகுசாலையை உயர்த்தும் செலவு வரும். இரண்டு செலவுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் தாரா கான்கிரீட்டா என்று முடிவெடுக்க முடியாது.