‘ஐ ப்ளீட் தி ஃபிஃப்த்’ புரிய வேண்டுமா? ஓயே தளத்தைக் கேளுங்கள்

அமெரிக்கக் கோர்ட் சீரியல் பார்க்கிறவர்களுக்கு ‘ஐ ப்ளீட் தி ஃபிஃப்த்’ வசனம் நன்றாகவே பழக்கம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமைப்படி, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். அங்கே அரட்டையிலும் வரும். கடைசி கேக் துண்டைத் தின்றது யார் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார்கள், அதாவது நான்தான், ஆனால் என் வாயால் சொல்ல மாட்டேன். நிஜ வழக்குகளில் இது என்ன பாடு படுகிறது என்று தெரிய ஓயே (Oyez) இணையதளம் மாதிரி வேறொன்று இல்லை.

முழுக்க இலவசம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955 முதல் வாதங்களை ஒலிப்பதிவு செய்கிறது, அவற்றை இங்கே கேட்கலாம். பேச்சோடு கூடவே எழுத்தும் ஓடும், கேள்வி கேட்பது எந்த நீதிபதி என்றும் தெரியும்.

சாலினாஸ் எதிர் டெக்சஸ் (2013) வழக்கில் ஆரம்பியுங்கள். ஹூஸ்டனில் 1992-இல் இரண்டு சகோதரர்கள் சுட்டுக்கொல்லப்படுகிறார்கள். சாலினாஸ் கைது ஆகாமல் தானாகவே போலீஸோடு போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், சம்பவ இடத்தில் கிடைத்த தோட்டா உறைகள் உன் துப்பாக்கியோடு பொருந்துமா என்றதும் கப்சிப். அந்த மௌனத்தையே அரசு வக்கீல் ஜூரி முன்னால் அவருக்கு எதிராக வைத்தார். 5-4 என்று சாலினாஸ் தோற்றார். சும்மா வாயை மூடினால் போதாது, ஐந்தாவது திருத்தத்தின் உரிமையைக் கோருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது நீதிபதி அலிட்டோவின் வாதம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. சட்டம் படிக்காத ஆளுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

அப்புறம் கிரிஃபின் எதிர் கலிஃபோர்னியா (1965): குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை என்பதை அரசு வக்கீல் குத்திக்காட்டக் கூடாது. ஆனால் சிவில் வழக்கில் மௌனம் நம் மேலேயே திரும்பலாம், அதற்கு பாக்ஸ்டர் எதிர் பால்மிஜியானோ (1976) பாருங்கள்.

குறைகள் உண்டு. வழக்குச் சுருக்கம் ரொம்பச் சுருக்கம், சட்டச் சொற்களுக்கு விளக்கம் தேடி வேறெங்காவது போக வேண்டும், பழைய டேப்புகளில் சில இடங்களில் குரல் மங்கல். ஒரு சாட்சி அந்த வசனத்தை வாயால் சொல்வதைக் கேட்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான், இங்கே இருப்பது வக்கீல்களும் நீதிபதிகளும் மட்டுமே.

5-க்கு 4. இயர்போன் அவசியம்.