நோல்ஸின் இடத்துக்கு யார்? ஓஹியோ ஸ்டேட் ரசிகர்கள் எடைபோட்ட மூன்று பெயர்கள்

2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேம் அணியை 34-23 என வீழ்த்தி, ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்தை வென்றது. அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள், தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸ், அதே பிக் டென் லீக்கில் ஆடும் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஆட்டத்துக்குச் சராசரியாக 13 புள்ளிகளுக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்து, நாட்டிலேயே முதலிடம் பிடித்த தற்காப்பை நடத்தியவர் அவர். எதிரணி பந்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பதினொரு பேர் எங்கே நிற்பது, யார் பாய்வது, யார் பின்வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அது. அந்த இடத்துக்கு டிம் வால்டன், ஜேம்ஸ் லாரினைடிஸ், மேட் பட்ரீசியா என்ற மூன்று பெயர்களைச் சுற்றியே ரசிகர்களின் வாதம் சுழன்றது.

பெயர்களைப் பார்ப்பதற்கு முன், வரவிருப்பவருக்கு என்ன காத்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பட்டம் வென்ற தற்காப்பின் பதினொரு முதன்மை ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் கல்லூரியை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். முன்வரிசையின் நால்வரும் அவர்களில் அடக்கம். கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி கேலப் டவுன்ஸ், முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கர் சன்னி ஸ்டைல்ஸ், ஓரங்களைக் காக்கும் கார்னர்பேக் டேவிசன் இக்பினோசன் ஆகியோரே எஞ்சினார்கள். ஆட்களும் மாறி, ஆட்டமுறையும் மாறினால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. நோல்ஸே 2022-இல் புதிதாக வந்த ஆண்டில் மிச்சிகனிடம் 45-23 என்றும், ஜார்ஜியாவிடம் 42-41 என்றும் தோற்றதைப் பார்த்தவர்கள் இவர்கள். அவருடைய முறை முழுமையாகப் பலன் தர மூன்றாம் ஆண்டு ஆயிற்று.

இந்த அச்சம் கொண்டவர்கள் வால்டனின் பக்கம் நின்றார்கள். அவர் அந்தக் கல்லூரியிலேயே கார்னர்பேக்காக ஆடியவர். 2022 முதல் பின்களத்தைப் பயிற்றுவித்து வந்தவர். 2013-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். 2024 அக்டோபரில் ஓரிகனிடம் 32-31 எனத் தோற்ற பிறகு அணியின் தற்காப்பு அடியோடு திருத்தப்பட்டு, அதன்பின் வந்த ஆட்டங்களில் எதிரணிகளைத் திணறடித்தது. அந்தத் திருத்தம் தனியொருவர் செய்தது அல்ல, பயிற்சியாளர் அறையில் கூடிச் செய்தது, ஆகவே அந்த அறையிலிருந்தே ஒருவரை உயர்த்தலாம் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். அதற்கு எதிர்வாதமாக முன்வைக்கப்பட்டது, ராம்ஸ் அணி வால்டனை ஒரே பருவத்தோடு மாற்றிவிட்டது என்பதுதான். பத்தாண்டுக்கு மேல் பழைய ஒரு பருவத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஒரு தற்காப்பைத் தலைமையேற்று நடத்தவில்லை என்ற இடைவெளியைப் புறக்கணிக்கவும் முடியாது.

லாரினைடிஸைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. 2006-இல் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாகுர்ஸ்கி விருது, 2007-இல் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது பெற்ற அந்தப் பழைய லைன்பேக்கரை, ஓஹியோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரம் இன்றும் கொண்டாடுகிறது. அவர் சேர்க்க விரும்பும் பள்ளி மாணவர்களின் வீட்டில் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் 2022-இல் நோட்ர டேமில் உதவியாளராகத் தொடங்கி, முழுநேரப் பயிற்சியாளராக ஒரே ஒரு பருவத்தை முடித்தவரிடம், பட்டத்தைக் காக்க வேண்டிய அணியின் தற்காப்பை ஒப்படைப்பது பாசத்தின் பேரில் எடுக்கும் முடிவாக இருந்திருக்கும்.

பட்ரீசியாவின் பெயர்தான் ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. விமானப் பொறியியல் படித்துவிட்டுப் பயிற்சியாளரான அவர், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் தற்காப்பை 2012 முதல் 2017 வரை நடத்தி, அந்தப் பொறுப்பில் தொழில்முறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றார். எதிர்த்தவர்கள் உடனே அடுக்கிய பட்டியலும் நீளமானது: 2018 சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் விட்ட 41 புள்ளிகள், டெட்ராய்ட் லயன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு சமன், 2023-இன் இறுதியில் ஈகிள்ஸின் தற்காப்பை நடுவழியில் ஏற்று, அதைக் கரைசேர்க்க முடியாமற் போனது, 2024-இல் எந்த அணியிலும் இல்லாதது.

இந்தப் பட்டியலில் கலந்துகிடப்பவற்றைப் பிரிக்காமல் பேசியதுதான் விவாதத்தின் பெரிய குறை. டெட்ராய்ட்டில் அவர் தோற்றது ஓர் அமைப்பையே ஆளும் வேலையில். ஓஹியோ ஸ்டேட்டில் அந்த வேலை தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயினுடையது. ஈகிள்ஸ் கணக்கு நிச்சயம் அவருக்கு எதிராக நிற்கும், ஆனால் அது வேறொருவர் வகுத்த திட்டத்தை டிசம்பரில் கையில் வாங்கியதன் கணக்கு. என் பார்வையில் கேட்க வேண்டியிருந்த கடினமான கேள்வி வேறு. 2003-ஆம் ஆண்டுவரை சிரக்யூஸில் உதவியாளராக இருந்ததற்குப் பிறகு கல்லூரி ஆட்டத்தையே தொடாதவர் அவர். கல்லூரி மைதானத்தில், பந்தை வைக்கும் எல்லையைக் குறிக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். மைதானத்தில் அது 18 அடி 6 அங்குலம் மட்டுமே. பந்து ஓர் ஓரத்தில் வைக்கப்படும்போது மறுபக்கம் பெருவெளியாகத் திறந்துகிடக்கும். அதைக் காக்கும் கணக்கு முற்றிலும் வேறு. பருவத்தின்போது பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரமே அனுமதி என்பதால், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதைப் போன்ற தடித்த பாடத்தை மாணவர்களிடம் திணிக்கவும் இயலாது.

அவருக்குச் சாதகமாக அதிகம் பேசப்படாத ஒரு மாற்றமும் இருந்தது. 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் தற்காப்பில் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் வானொலி அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கத் தரப்படும் கெடுவில் 15 விநாடி எஞ்சும்வரை பயிற்சியாளர் அவரோடு பேசலாம். கையசைவுகளுக்கும் பலகைகளுக்கும் பதிலாக நேரடியாகப் பேசி அணியை நிறுத்தும் வழக்கத்தில் பல ஆண்டு ஊறியவருக்கு, இது பழகிய வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. டவுன்ஸைப் போல எந்த இடத்திலும் நிற்கக்கூடிய ஒருவர் பின்களத்தில் இருக்கும்போது அதன் பயன் இரட்டிப்பாகும்.

2025 பிப்ரவரியில் டே பட்ரீசியாவைத்தான் தேர்ந்தார். வால்டனும் லாரினைடிஸும் தத்தம் பொறுப்பிலேயே தொடர்ந்தார்கள். முடிவின் உண்மையான பலம் இந்த இரண்டாவது பாதியில்தான் இருந்தது என்பேன். மாணவர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையும் அன்றாடப் பயிற்சியும் பழகிய கைகளில் நிற்க, புதியவருக்குத் திட்டம் வகுப்பதும் ஆட்டத்தில் உத்தரவிடுவதும் மட்டுமே முதன்மை வேலையாயின. உள்ளிருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா என்று ரசிகர்கள் மோதிக்கொண்டிருந்த இடத்தில், டே இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 30 அன்று, முதலிடத்தில் இருந்த டெக்சஸ் கொலம்பஸுக்கு வந்து 7 புள்ளிகளோடு திரும்பியது. நவம்பர் இறுதியில் மிச்சிகன் 9 புள்ளிகளோடு நின்றது. பிக் டென் இறுதியாட்டத்தில் இண்டியானாவிடம் 13-10 எனத் தோற்றபோதும், பழி தற்காப்பின் மேல் விழவில்லை. மறுபக்கம், நோல்ஸின் பென் ஸ்டேட் அக்டோபர் தொடக்கத்தில், அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லாத யூ.சி.எல்.ஏ.விடம் 42 புள்ளிகளை விட்டுத் தோற்றது. அடுத்த வாரமே அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நீக்கப்பட்டார். இதை வைத்து நோல்ஸை எள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓஹியோ ஸ்டேட்டில் அவருடைய முதலாண்டும் தடுமாற்றம்தான். வால்டனிடம் கொடுத்திருந்தால் டெக்சஸ் எத்தனை புள்ளி எடுத்திருக்கும் என்ற வாதத்துக்கும் இந்த எண்கள் விடை சொல்வதில்லை. அந்த மூவரில் யார் வந்திருந்தாலும் டவுன்ஸும் ஸ்டைல்ஸும் களத்தில் இருந்திருப்பார்கள்.