பன்றிக்குட்டித் தீவனத்தில் ஜிங்க் சல்பேட்: நான்கு வருட அனுபவம்

ஹோட்டல் மிச்சத்தை நிறுத்தியபோதுதான் என் பண்ணைக்குள் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, வந்தது. நாமக்கல் பக்கம், பன்னிரண்டு தாய்ப்பன்றிகள், எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். மிச்சச் சோறு போட்ட காலத்தில் குட்டிகளின் தோலில் ஒரு குறையும் பார்த்ததில்லை. டிரம் நாற்றமும் வண்டி வாடகையும் கட்டுப்படியாகாமல் மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, சோயா என்று நானே அரைத்து உலர்தீவனமாகப் போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது மாதம் வந்தது வினை. பத்து வாரக் குட்டிகளின் அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கமும் சிவப்புப் புள்ளிகள். ஒரு வாரத்தில் அது வெயிலில் வெடித்த வண்டல் மாதிரி பொருக்காகிவிட்டது. நகத்தால் நெம்பினால் காய்ந்த தவிடு போல உதிரும், அடியில் ஈரமே இருக்காது. தீவனமும் சரியாக எடுக்கவில்லை. சொறி என்று நானே முடிவு கட்டி ஐவர்மெக்டின் ஊசி இரண்டு முறை போட்டேன். காசுதான் போனது.

வந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "சுவத்துல உரசுதுங்களா?" இல்லை. சொறிப்பூச்சி என்றால் குட்டி சும்மா நிற்காது, சுவரையே தேய்த்துவிடும். அடுத்த கேள்விதான் என்னை மடக்கியது: "கால்சியத்துக்குக் கிளிஞ்சல் தூள் எவ்வளவு போடறீங்க?"

இந்த ஊரில் தீவனம் என்றாலே கோழித் தீவனக் கணக்குதான். முட்டைக் கோழிக்குக் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் வேண்டும். குட்டிக்கு ஒரு சதவீதம்கூட வேண்டாம். எலும்பு உறுதியாகட்டும் என்று நான் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தேன். தானியத்திலும் புண்ணாக்கிலும் இயற்கையாக உள்ள பைட்டேட் என்ற பொருள் ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் கூடினால் அந்தப் பிடி இன்னும் இறுகும். குட்டி தின்கிறது, ஜிங்க் அப்படியே சாணத்தில் போய்விடுகிறது. ஹோட்டல் மிச்சத்தில் மீன், கறி, முட்டை எல்லாம் இருந்தது, அதில் பைட்டேட் கிடையாது. தவிர, ஈரத்தீவனம் தின்னும் பன்றிக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதும் இல்லை. அலபாமாவில் டக்கர், சால்மன் என்ற இருவர் 1955-லேயே இந்தத் தோல் நோய்க்கு ஜிங்க்தான் மருந்து என்று காட்டிவிட்டார்களாம். எனக்கு இரண்டு ஊசி போட்ட பிறகு தெரிந்தது.

சரி, அளவுக்கு வருவோம். குட்டி 11 கிலோ எடை வரும் வரை ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் ஜிங்க், 25 கிலோ வரை 80, 50 கிலோ வரை 60, அதற்கு மேல் 50. தானியத்தில் இருப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 35 சதவீத ஜிங்க் உள்ள ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் ரகம் என்றால், சிறு குட்டிகளின் 100 கிலோ தீவனத்துக்கு 29 கிராம் போதும். முதலில் கைப்பிடிக் கணக்கில் போட்டேன், அது தப்பு. நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கினேன். எடை போட்டதை முதலில் இரண்டு கிலோ தவிட்டில் கலந்து, அப்புறம்தான் மொத்தக் குவியலில் சேர்க்க வேண்டும். நேராகக் கொட்டினால் ஒரு குட்டிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை.

கிளிஞ்சலைக் குறைத்து ஜிங்க் சேர்த்த மூன்றாவது வாரம் பொருக்கு உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. பசி அதற்கு முன்பே திரும்பிவிட்டது. அதன்பின் நான்கு வருடத்தில் ஒரே ஒரு ஈற்றில்தான் மறுபடி வந்தது. விசாரித்தால், புது ஆள் பழைய பழக்கத்தில் கிளிஞ்சலை அள்ளியிருக்கிறான். என் மட்டில் பாதி வைத்தியம் ஜிங்கைப் போடுவதில் இல்லை, கிளிஞ்சலைக் குறைப்பதில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. உரக்கடையில் நெல்லுக்கு விற்கும் 21 சதவீத ஜிங்க் சல்பேட் மலிவு என்று ஒரு மழைக்காலம் வாங்கினேன். பத்து நாளில் கல்லாகிவிட்டது. உர ரகத்தில் ஈயம், காட்மியம் இருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதும் மீதியை வயலுக்கே அனுப்பினேன். தீவன ரகம் மட்டும் வாங்குங்கள். அமினோ அமிலத்தோடு சேர்த்து விற்கும், விலை கூடிய ஜிங்க் மெத்தியோனைனும் ஒரு ஈற்றுக்குப் போட்டேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தாய்ப்பால் மறந்த குட்டிகளின் கழிச்சலுக்கு, 100 கிலோ தீவனத்துக்கு முந்நூறு கிராமுக்கு மேல் ஜிங்க் ஆக்ஸைடு போடச் சொன்னார் ஒருவர். போட்டேன், கழிச்சல் நின்றது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது மருந்து அளவு, சத்து அளவு இல்லை. நாள்பட்டால் தாமிரச் சத்தைக் கெடுத்து ரத்தசோகையில் விடும். மிச்சமெல்லாம் சாண எருவோடு மண்ணில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூனோடு இந்த மருந்து அளவை நிறுத்திவிட்டார்கள். என் சாண எரு முழுக்க என் சோளக்காட்டுக்கே போகிறது, அந்தச் சோளத்தைத்தான் குட்டிகளுக்கு அரைக்கிறேன். இரண்டு ஈற்றோடு நானும் விட்டுவிட்டேன். இப்போது குட்டிகளைப் பிரிக்கும் வாரத்தில் தீவனத்தைக் குறைத்து, நாலு வேளையாகப் பிரித்து, தண்ணீரில் குழைத்து வைக்கிறேன். வேலை கூடுதல்தான்.